சதாவின் சதமும் நாடற்ற நாங்களும்

33 வருடங்களுக்குப் பிறகு சித்தப்பா புசல்லாவைக்குத் திரும்பி வந்தது 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில். 1977 கலவரத்தின்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனவர். அங்கிருந்து கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், கடைசியில் செட்டிகுளம் முகாம். திரும்பி வரும்போது அவரிடம் ஒரு பொலித்தீன் பையும், முகாமில் கொடுத்த ஒரு துண்டுக் கடதாசியும் மட்டுமே இருந்தன.

வந்த மறுநாள் பின்னேரம் அவரைத் தோட்டத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஓரத்துக் கல்லொன்றில் உட்கார்ந்தார். பந்து எடுக்க வந்த ஒரு பையனிடம், சதாசிவத்தைத் தெரியுமா என்று கேட்டார். அவர் எந்த டிவிஷன், மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்று பையன் திருப்பிக் கேட்டான். முகாமிலிருந்து வந்த பின்னர் சித்தப்பா சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பையனைக் குறை சொல்ல முடியாது. மகாதேவா சதாசிவம் இறந்தது 1977இல். ஒருகாலத்தில் இலங்கை முழுவதும் சதா என்று செல்லமாக அழைத்த பெயர் அது. எங்கள் வீட்டிலோ அந்தப் பெயர் ஒரு சாமிக் கதையைப் போலத் தாத்தாவிடமிருந்து சித்தப்பாவுக்கும், அவரிடமிருந்து எனக்கும் வந்து சேர்ந்தது. தாத்தா இளவயதில் துரை பங்களாவில் எடுபிடி வேலை பார்த்தவர். ஒரு தமிழன் இந்திய அணிக்கு எதிராகச் சதம் அடித்துவிட்டான் என்று பங்களாவின் சமையற்கட்டில் பேசிக்கொண்டதை அவர் கேட்டிருக்கிறார். உலக யுத்தம் இன்னும் முடியாதிருந்த நேரம் அது. தாத்தா அதுவரை ஒரு கிரிக்கெட் போட்டியையும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து வரும்போது தனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சதத்தின் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதை அடித்தவரின் கதையையும் முழுதாக எழுத வேண்டும். அவருடைய வாழ்க்கையில் பெருமைப்பட முடியாத பக்கங்களும் உண்டு.

யுத்தம் நடக்கும்போது விளையாட்டு எதற்கு என்ற கேள்வி எல்லா யுத்தங்களிலும் எழுந்திருக்கிறது. 1942 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தக் கேள்வி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மேசைக்கே போனது. ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தொழில்முறை பேஸ்போல் போட்டிகளை நிறுத்துவதா நடத்துவதா என்று பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ் கேட்டார். வேலையால் களைத்துப்போன மக்களுக்குப் பொழுதுபோக்கு தேவை, போட்டிகள் தொடர்வதே நல்லது, வீரர்களுக்கு மட்டும் படைச்சேவையிலிருந்து விலக்கு இல்லை என்ற கருத்தில் ரூஸ்வெல்ட் பதில் எழுதினார். ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் சீருடை அணியப் போனார்கள். மிச்சமிருந்தவர்களைக் கொண்டு போட்டிகள் நடந்தன. இங்கிலாந்தில் கவுண்டி கிரிக்கெட் போட்டித் தொடர் நின்றுபோனது. அந்நாட்டின் பெரும் பந்துவீச்சாளர் ஹெட்லி வெரிட்டி 1943இல் இத்தாலியில் போர்க்கைதியாக, காயங்களோடு இறந்தார். இந்தியாவில் ரஞ்சிக் கிண்ணம் தடைப்படாமல் நடந்தது. 1943-44 பருவத்தில் விஜய் மெர்ச்சன்ட் ஆட்டமிழக்காமல் 359 ஓட்டங்கள் எடுத்தது அந்த யுத்த காலத்தில்தான்.

சித்தப்பாவுக்கு இந்தத் தகவல்கள் எதுவும் தெரியாது. ஆனால் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. செட்டிகுளத்தில் கூடாரத்துத் தடியொன்றை வெட்டி மட்டையாக்கி, பொலித்தீனைச் சுருட்டி நூலால் இறுக்கிப் பந்தாக்கிப் பிள்ளைகள் விளையாடினார்களாம். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களில் சிலர், செத்த வீட்டில் என்ன விளையாட்டு என்று ஏசினார்களாம். இன்னும் சிலர், பிள்ளைகளைப் பார்ப்பதற்காகவே தங்கள் முறையைப் பின்னால் வந்தவர்களுக்கு விட்டுக் கொடுத்தார்களாம். சித்தப்பா இரண்டாவது கூட்டத்தில் நின்றவர்.

சதாசிவம் 1915ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி பிறந்தார். வசதியான கொழும்புத் தமிழ்ச் சூழலில் வளர்ந்தவர். கொழும்பில் புனித சூசையப்பர் கல்லூரியிலும் வெஸ்லி கல்லூரியிலும் படித்தார். பாடசாலை நாட்களிலேயே பெயரெடுத்த துடுப்பாட்டக்காரர். பிறகு தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1899இல் தொடங்கப்பட்ட கழகம் அது. அக்காலக் கொழும்பில் சிங்களவருக்கு ஒரு கழகம், பறங்கியருக்கு ஒன்று, மலாயருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று என்று இனவாரியாகவே விளையாட்டுக் கழகங்கள் இருந்தன. அந்தந்தக் கழகங்களின் வீரர்கள் இலங்கை அணிக்காக ஒன்றாக இறங்கினார்கள்.

அவருடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. அவர் பந்தை அடிப்பதில்லை, வழிகாட்டி அனுப்புவார். மணிக்கட்டால் ஆடுபவர். விக்கெட் காப்பாளரின் கைக்குப் போகவேண்டிய பந்தைக் கடைசிக் கணத்தில் தட்டி எல்லைக்கோட்டுக்கு அனுப்புவதில் மன்னர். இரவெல்லாம் விருந்தில் இருந்துவிட்டு, காலையில் நேரே மைதானத்துக்கு வந்து சதம் அடித்தார் என்ற மாதிரியான கதைகளும் ஏராளம். அவற்றில் எது உண்மை, எது ரசிகர்களின் கைச்சரக்கு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரெல் போன்ற ஒருவர், தான் பார்த்த மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர்களில் சதாவை வைத்துப் பேசினார் என்று கிரிக்கெட் உலகம் இன்றும் நினைவுகூர்கிறது.

இனி அந்த யுத்தகாலப் போட்டிக்கு வருவோம்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களில் திருகோணமலையும் தாக்கப்பட்டது. பர்மா ஜப்பானின் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் தனது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். பேராதனையிலிருந்து கம்பளை வழியாக மேலே ஏறினால் புசல்லாவை. அந்த நுவரெலியா வீதியில் ஓடிய இராணுவ வாகனங்களைப் பற்றித் தாத்தா நிறையச் சொல்லியிருக்கிறார். யுத்தத்துக்குத் தேயிலை வேண்டும், இறப்பர் வேண்டும். கொழுந்து பறிப்பவர்களுக்கு மட்டும் வயிறு நிறையச் சோறு இல்லை.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். யுத்தம் தொடங்கிச் சில மாதங்களில், 1940 ஜனவரி 10ஆம் திகதி, எங்களுக்குப் பக்கத்து மலையான ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களோடு நின்ற கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரை இன்றும் நினைவுகூர்கிறோம். தாத்தாவின் தலைமுறைக்கு யுத்தம் என்றால் கோவிந்தனும் பங்கீட்டு அரிசியும்தான். அந்தக் காலத்தில் சந்தோஷமாகக் கேட்ட ஒரே செய்தி சதாவுடையது.

1945இல் விஜய் மெர்ச்சன்டின் தலைமையில் இந்திய அணியொன்று இலங்கைக்கு வந்தது. கொழும்பு பொரளைப் பக்கத்தில் தமிழ் யூனியன் கழகத்துக்காக உருவாக்கப்பட்ட ஓவல் மைதானத்தில் போட்டி நடந்தது. மெர்ச்சன்ட் அப்போது ஆசியாவின் முதல்வரிசைத் துடுப்பாட்டக்காரர். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைக்க இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் போட்டியில்தான் சதாசிவம் 111 ஓட்டங்கள் எடுத்தார். யுத்தத்தால் உலகின் பல மைதானங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில், ஒரு சிறிய தீவின் புதிய மைதானத்தில் வந்த சதம் அது.

ஓவலில் ஆடியவர்களும் பார்த்தவர்களும் கொழும்பின் மேல்தட்டு, நடுத்தட்டு ஆட்கள். அவர்களுடைய தமிழும் எங்களுடைய தமிழும் ஒன்றல்ல. எங்களைத் தோட்டக்காட்டான் என்று இளக்காரமாகச் சொல்லும் வழக்கம் அந்தச் சமூகத்திலும் இருந்தது. சதாவின் வீட்டுக்குத் தாத்தா போயிருந்தால் பின்கதவால்தான் உள்ளே போயிருப்பார். இதை ஒருமுறை சித்தப்பாவிடம் சொன்னேன். அது அப்பாவுக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் சந்தோஷப்பட்டார் என்று அவர் சொன்னார்.

1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராகச் சதா 215 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவருடைய ஆகக்கூடிய முதல்தர ஓட்ட எண்ணிக்கை. அடுத்த வருடம் வந்தது 1948. இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் காரணமே அந்த வருடம்தான்.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. மார்ச் மாதத்தில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஒருநாள் தங்கி ஓவலில் ஆடியது. அந்த இங்கிலாந்துப் பயணத்தில் ஒரு போட்டியிலும் தோற்காத அணி அது. அவர்களுக்கு எதிராகச் சுதந்திர இலங்கையின் அணியை வழிநடத்தியவர் மகாதேவா சதாசிவம். நாணயச் சுழற்சிக்குப் பிரட்மனுக்கு அருகில் நடந்து போனவர் ஒரு தமிழர். அந்தப் போட்டியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஆடுகளத்தின் நீளம் 22 யாராக இருப்பதற்குப் பதிலாக 20 யாராக இருந்ததை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

அதே 1948இல், சில மாதங்கள் கழித்து, அந்தச் சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேயிலையையும் இறப்பரையும் வளர்த்த சுமார் ஏழு இலட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952 தேர்தலில் எங்கள் மக்களில் பெரும்பாலானோரால் வாக்களிக்கவே முடியவில்லை.

ஒரு தமிழர் நாட்டின் அணிக்குத் தலைவரான அதே வருடத்தில் ஏழு இலட்சம் தமிழருக்கு நாடு இல்லாமல் போனது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே அரசாங்கத்தின் கீழ் நடந்தன. ஒரு சமூகத்தைச் சேர்ந்த திறமைசாலி ஒருவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவதற்கும், அந்தச் சமூகத்தின் உரிமையை ஏற்றுக்கொள்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. இன்றும் எங்களில் யாராவது ஒருவர் வென்றால், பார்த்தீர்களா இங்கே பாகுபாடே இல்லை என்று சொல்லக் கேட்கிறோம். அப்போதெல்லாம் எனக்கு 1948 நினைவுக்கு வரும்.

தாத்தா கதை சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். பிரட்மனோடு நாணயம் சுண்டியதோடு கதை முடிந்துவிடும். மிச்சத்தை நான் வளர்ந்த பிறகு வாசித்தே தெரிந்துகொண்டேன்.

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டியில் உள்ள அவருடைய வீட்டில் சதாசிவத்தின் மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். நான்கு பெண் பிள்ளைகளின் தாய். கணவருக்கு எதிராக விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தவர். அன்றே சதாசிவம் கைது செய்யப்பட்டார். வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்த வில்லியம் என்ற வேலைக்கார இளைஞனும் பின்னர் பிடிபட்டான். கொலைக்குத் தான் உதவியதாகச் சொன்ன அவனுக்கு மன்னிப்பு வழங்கி, அரசு தரப்புச் சாட்சியாக்கினார்கள்.

வழக்கு விசாரணை 57 நாட்கள் நடந்தது. சதாசிவத்துக்காக வாதாடியவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. இறந்த நேரத்தைப் பற்றிய மருத்துவச் சாட்சியமே வழக்கின் அச்சாணி. எடின்பரோவைச் சேர்ந்த உலகப் புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் சிட்னி ஸ்மித் எதிர்தரப்புக்காகச் சாட்சி சொன்னார். சதாசிவம் வீட்டைவிட்டுப் போன பின்னரே மரணம் நிகழ்ந்தது, கொலையைச் செய்தவன் வில்லியமே என்பது எதிர்தரப்பின் வாதம். 1953 ஜூன் 25ஆம் திகதி சதாசிவம் குற்றவாளி அல்ல என்று ஜூரி தீர்ப்பளித்தது. அதற்குள் 20 மாதங்கள் சிறையில் கழிந்திருந்தன.

சட்டத்தின் முன் அவர் நிரபராதி. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் ஆண்கள் பலர், அவருடைய மட்டைவீச்சை ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அந்தப் பெண்ணை ஒரு வரியில் கடந்து போவதைக் கேட்டிருக்கிறேன். அவருடைய மரணத்துக்கு எவரும் தண்டனை பெறவில்லை. யார் கொன்றது, என்ன நடந்தது என்று பதில் கிடைக்காமல் காத்திருப்பது என்னவென்று நம் மக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. வீரரை நினைக்கும்போது அந்தத் தாயையும் சேர்த்து நினைப்பதே நியாயம்.

வில்லியமையும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கொழும்பு வீட்டுச் சமையற்கட்டுகளில் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளின் கதை எங்கள் லயங்களுக்குப் பழகிய கதை. எங்கள் லயத்திலிருந்தே மூன்று பேர் அப்படிப் போனார்கள். பெரிய மனிதர்களின் வழக்கில் சிக்கும் ஒரு வேலைக்காரப் பிள்ளையின் வாயில் எவ்வளவு அவனுடைய சொல், எவ்வளவு பிறருடைய சொல் என்று யாரால் சொல்ல முடியும்?

விடுதலையான பிறகு சதா சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனார். அங்கும் ஆடினார். அந்த இரண்டு நாடுகளின் அணிகளுக்கும் தலைவரானார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என்று மூன்று நாட்டு அணிகளை வழிநடத்திய அபூர்வம் அவருடையது. பின்னர் கொழும்புக்குத் திரும்பினார். 1977 ஜூலை 9ஆம் திகதி இறந்தார். வயது 61.

அவர் இறந்து பன்னிரண்டு நாட்களில் நாட்டில் பொதுத்தேர்தல். அடுத்த மாதம் கலவரம். லயங்கள் எரிந்தன. மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. தமிழர் நடுவே இருந்தால் பாதுகாப்பு என்று நம்பிப் போனவர்களில் சித்தப்பாவும் ஒருவர். அப்போது அவருக்கு 27 வயது. பயணப்பட்ட அன்று தாத்தா அவரிடம் கொஞ்சம் காசும், கோதுமை ரொட்டியும் கொடுத்தாராம். சதா போய்விட்டார், இனி நமக்கு நல்லகாலம் இல்லை என்றும் சொன்னாராம். அந்தக் கணக்கில் ஒரு நியாயமும் இல்லை. துயரம் வரும்போது கிழவர்கள் போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அந்த ஓவல் மைதானத்துக்கு, கழகத்தை வளர்த்தவர்களில் ஒருவரான பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் பின்னர் சூட்டப்பட்டது. 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது அங்கேதான். அடுத்த வருடம் ஜூலையில் பொரளைக் கனத்தை மயானத்தில் மூண்ட வன்செயல் நகரெங்கும் பரவியபோது, தமிழ்ப் பெயர் கொண்ட அந்த மைதானத்தையும் விட்டுவைக்கவில்லை. பார்வையாளர் அரங்கு எரிக்கப்பட்டது. 1985இல் அதே மைதானத்தில்தான் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. எரித்ததும் கொண்டாடியதும் இரண்டே வருட இடைவெளியில்.

சதா ஆடிய அதே தமிழ் யூனியன் கழகத்துக்குப் பின்னாளில் கண்டியிலிருந்து ஒரு பையன் போனான். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகள் எடுத்த முத்தையா முரளிதரன். மைதானத்துப் பையன்களுக்கு முரளியைத் தெரியும். எந்த டிவிஷன் என்று கேட்க மாட்டார்கள்.

சித்தப்பா 2016இல் காலமானார். கடைசி வருடங்களில் தினமும் பின்னேரம் அந்தக் கல்லில் போய் உட்காருவார். எல்லைக்கோட்டுக்கு வரும் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பார். ஒருநாள் நான் அவரிடம், சதாவின் சதத்தால் நமக்கு என்ன கிடைத்தது என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். பிரஜாவுரிமை வாங்க எங்கள் குடும்பம் எத்தனை அலுவலகங்களின் படியேறியது என்று எனக்குத் தெரியும். எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் உரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குள் யுத்தம் சித்தப்பாவின் மூத்த மகனைத் தின்றுவிட்டிருந்தது.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லைதான் என்றார். பிறகு, பசியோடு கிடந்த ஒரு மனிதனுக்கு ஒருநாள் நெஞ்சு நிமிர்ந்ததே, அதையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்று என்னிடம் கேட்டார். அந்த நேரத்தில் பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. அவர் எழுந்து போய் அதை எடுத்து எறிந்தார்.

அந்த மைதானத்தில் இப்போதும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அவர்கள் கேட்டால் சதாவின் கதையைச் சொல்கிறேன். 111 ஓட்டங்களைச் சொல்கிறேன். பிரட்மனைச் சொல்கிறேன். இறந்துபோன அந்தத் தாயையும் 18ஆம் இலக்கச் சட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.